இடி இடிச்சா இன்டர்நெட் 'அவுட்'! லைனா, பெட்டியா? விளக்கே காட்டிக் கொடுக்கும்

சென்னையில் மாலை நேரத்தில் ஒரு இடி மழை போதும். மறுநாள் காலை தெருவெல்லாம் "நெட் இல்லே" என்ற புலம்பல்தான். கடையில் 'வைபை' கார்டு மெஷினும் கப்சிப்! "பெட்டி போச்சு" என்று புதுசு வாங்க ஓடுகிறார்கள் பலர். பல நேரம் அது தண்டச் செலவு!

குற்றவாளி யார்?

பைபர் லைனுக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாயாது. மின்னல் வேகம் உள்ளே நுழைவது கரண்டு வயர் வழியாக! மாடிப் பெட்டியிலிருந்து இழுத்த 'லேன்' வயர் செம்புக் கம்பி. அதுவும் உடந்தை!

துப்பு துலக்குவது எப்படி?

பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லையா? முதல் சந்தேகம் அடாப்டர் மேல். அதே வோல்ட், ஆம்பியர் உள்ள இன்னொன்றை மாட்டிப் பாருங்கள்.

'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பா? பெரும்பாலும் லைன் வெளியே அறுந்திருக்கும். புகார் கொடுங்கள், பெட்டி வாங்காதீர்கள்.

வைபை வருது, வயர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் வரலையா? துளை கருகியிருக்கலாம். பக்கத்துத் துளையில் செருகுங்கள்.

உயிர் பெரிசு!

பல தெருக்களில் நெட் வயர் தொங்குவது மின் கம்பத்தில்தான். அறுந்து கிடந்தால் தொடாதீர்கள். கரண்டு கம்பியோடு உரசியிருக்கலாம். மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

வானம் கறுத்தால்? சுவிட்சை அணைத்தால் போதாது. இடி தொடங்கும் முன்பே பிளக், லேன் வயர் இரண்டையும் பிடுங்கணும்!