செங்கம் சாலை மருந்துக் கடைகளும் நோய் முன்னறிதலும்

'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவத்தின் கூறுகள் நான்கு என வள்ளுவர் வகுக்கின்றார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, அருகிருந்து துணைபுரியும் உழைச்செல்வானையும் அவர் சேர்த்து எண்ணியது கருதத்தக்கது. இந்நான்காமவரை இன்று எங்கே காண்பது? மருத்துவமனையில் செவிலியர் உளர். ஊருக்குள் அப்பணிக்கு உரியவர் மருந்துக் கடையில் நிற்கும் மருந்தாளுநரே என்பது நம் கருத்து. நாமோ அவரைச் சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணித் தருபவராகவே வைத்திருக்கின்றோம்.

திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியை முன்வைத்து இதனை ஆராய்வது பொருந்தும். செங்கம் சாலையை ஒட்டிய இப்பகுதியில் வாழ்வோர் பலதிறத்தினர். வீடுடையோர், விடுதிகளில் தங்கும் அயல்நாட்டார், ஆட்டோ ஓட்டுநர், பூ விற்போர், இளநீர் விற்போர் எனப் பலரும் இங்குளர். மலைசுற்றும் பாதையின் ஓரங்களையே உறைவிடமாகக் கொண்ட சாதுக்களும் உளர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைச் செருப்பின்றி நடப்பதே மரபு.

நம் அச்சமும் இங்கேதான் தொடங்குகின்றது. நீரிழிவு நெடுங்காலம் அறியப்படாதிருப்பின் பாதத்தின் உணர்வு நரம்புகள் கெடும். உச்சி வெயிலில் தார்ச்சாலை சுடினும் தெரியாது. முள் தைப்பினும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகிய பின்னரே பலர் மருத்துவமனையை நாடுகின்றனர். சிலர்க்கு விரலையோ காலையோ எடுத்துத்தான் உயிரைக் காக்க நேர்கின்றது. ஒரு துளிக் குருதியைக் கொண்டு முன்னரே ஐயுற்று அறியத்தக்க நோய்க்கு இஃது எத்துணைப் பெரிய விலை!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாட்டில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும், 35.5 விழுக்காட்டினர்க்கு மிகை இரத்த அழுத்தமும் உண்டென அது கூறிற்று. இரண்டும் தொடக்கத்தில் வலி தாராதவை. வலி இல்லாதவன் மருத்துவரிடம் செல்வானோ?

தமிழக அரசு இதனை உணராமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்தும் கொடுக்கும் அத்திட்டம் பாராட்டுக்குரியதே. ஆயினும் வீடே இல்லாத சாதுவை அஃது எங்ஙனம் சென்றடையும்? பகலெல்லாம் வண்டியிலிருக்கும் ஓட்டுநரை எந்த வீட்டில் காணும்? ஆசிரமத்தில் இலவச மருந்தகம் உண்டு. நோயென்று உணர்ந்து வருவோர்க்கு அது துணை. நோயை உணராதவரோ, தலைவலி மாத்திரைக்கும் முழங்கால் தைலத்திற்கும் மருந்துக் கடைக்கு வந்து நிற்கின்றார். அந்நொடியே நமக்கு வாய்த்த நொடி.

இங்கிலாந்து அரசு 2021 அக்டோபரில் இவ்வழியை மேற்கொண்டது. 40 வயது கடந்தோர்க்கு மருந்துக் கடையிலேயே அழுத்தம் பார்த்து, மிகுந்திருப்பின் மருத்துவரிடம் அனுப்புகின்றனர். நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு அறிவுரை கூறுதலை மருந்தாளுநரின் கடமையாகவே கொள்கின்றன. ஆனால் சில கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகின்றது. சான்றிதழுக்கு உரியவரைக் காணோம். அத்தகைய கடைக்கு இப்பணியை ஒப்புவித்தல் தகாது.

சோதனையும் முறைப்படி நிகழ்தல் வேண்டும். மலை சுற்றி வந்த களைப்போடு நிற்பவரின் அழுத்தத்தை உடனே அளந்தால் அவ்வெண்ணை நம்புதற்கில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்தமரச் செய்து, பாதங்களைத் தரையில் ஊன்றவைத்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி, இருமுறை அளத்தல் வேண்டும். 140க்கு 90 என்னும் அளவை எட்டின் வேறொரு நாளும் பார்த்தல் வேண்டும். விரல் நுனிக் குருதியில் காணும் சர்க்கரை அளவு ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை உறுதி செய்யாது; உறுதி செய்தற்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே அனுப்புதல் வேண்டும். குத்தூசி ஒருவர்க்கு ஒன்றே. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வு உண்டா எனப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடமே ஆகும். இவ்வூரில் பிற சோதனைகளினும் இதற்கே நாம் முதலிடம் தருவோம்.

மருந்தாளுநர் தம் எல்லையைக் கடப்பாரோ என மருத்துவர் ஐயுறலாம். நம் ஐயமோ வேறு. 'இலவசச் சோதனை' எனப் பலகை வைத்து அழைத்து, சத்து மாவையும் டானிக்கையும் தலையில் கட்டும் வணிகம் புகுந்துவிடுமோ என்பதே அது. ஆகவே சோதித்த கடை அந்த முடிவைக் காட்டி எதனையும் விற்றல் கூடாது. அளவையும் நாளையும் எழுதிய சீட்டொன்றே தருதல் வேண்டும்.

செலவை யார் ஏற்பது? ஏழைகளிடமும் சாதுக்களிடமும் காசு கேட்டல் ஆகாது. சர்க்கரை பார்க்கும் பட்டைகளின் விலையை ஊர்ப் பெரியோரும் வணிகரும் ஓரொரு கடைக்கெனப் பகிர்ந்துகொள்ளலாம். பௌர்ணமியன்று திரளும் கூட்டத்தில் எவரையும் ஐந்து நிமிடம் அமர்த்த இயலாது. ஆதலின் அதற்கு முந்தைய வாரத்தில், சாதுக்கள் உணவுக்கு வந்து போகும் முற்பகல் வேளையில், செங்கம் சாலையின் ஓரிரு கடைகளிலேனும் இதனைத் தொடங்கலாம்.