துடுப்புக்கும் நீதி வேண்டும்

ஆடிப்பெருக்குக்கு முன்னதாக மேட்டூர் அணை நிரம்பிவிட்டால் தமிழகமே மகிழ்கிறது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜூலை மாதத்திலேயே அணை 120 அடியை எட்டியது. காவிரிப் படுகை உழவரின் நெஞ்சம் குளிர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆனால் கிருஷ்ணராஜசாகரிலிருந்தும் கபினியிலிருந்தும் திறந்துவிடப்படும் அவ்வெள்ளம், பிலிகுண்டுலுவைத் தாண்டி, ஒகேனக்கல்லின் பாறைகளை மூழ்கடித்த பின்னரே மேட்டூரை வந்தடைகிறது. அது ஒகேனக்கல்லில் நுழையும் நாளில் அங்கே ஒரு கூட்டத்தாரின் அடுப்பு அணைகிறது. அவர்கள் பரிசல் ஓட்டிகள்.

மூங்கிற் பிளாச்சுகளைக் கூடையாகப் பின்னி, முற்காலத்தில் தோலையும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளையும் போர்த்தி, தார் பூசி உருவாக்குவது பரிசல். அதற்கு முன்பக்கம் இல்லை; பின்பக்கமும் இல்லை. நீர் இழுத்த இழுப்புக்குச் சுழல்வது அதன் இயல்பு. அதனை ஒற்றைத் துடுப்பால் நேர்ப்படுத்திச் செலுத்துவது கைப்பழக்கம் மட்டுமன்று. அது ஓர் அறிவு. எந்த நுரைக்கடியில் பாறை இருக்கிறது, எந்த மடுவில் சுழல் இழுக்கும், அருவியை எவ்வளவு நெருங்கலாம் என்பதை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. தந்தையிடமிருந்தும் ஆற்றிடமிருந்தும் அவர் கற்றார். துறையில் இறங்கியதும் அந்தப் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து நடப்பவரும் அவரே.

இத்தகைய மனிதரை நாம் எப்படி நடத்துகிறோம்? நரைத்த தலையரை நம் பிள்ளைகள் 'நீ, வா, போ' என்று ஒருமையில் விளிக்கின்றனர், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 'இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொள்' என்கிறோம். 'அருவிக்குக் கிட்டே விடு, படம் எடுக்க வேண்டும்' என்கிறோம். அவர் மறுத்தால் முணுமுணுக்கிறோம். இசைந்து, கேடு விளைந்துவிட்டால், குற்றவாளி அவர் ஒருவரே! வற்புறுத்திய நாம் எங்கே போய்விடுகிறோம்?

சிலர் இதற்கும் ஒரு படி மேலே சென்று, மிதவை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு 'ஆண்டவர் காப்பார்' என்கின்றனர். விபத்துக்குப் பின் 'எல்லாம் இறைவன் திருவுளம்' என்று பெருமூச்சு விடுகின்றனர். இது விசுவாசமா? கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார், ஆண்டவர் அவனுக்கு என்ன மறுமொழி தந்தார் என்பதை மறந்துவிட்டோமா? மனிதரின் பேராசையையும் கவனக்குறைவையும் இறைவனின் கணக்கில் எழுதுவது பக்தியன்று. அது பழி சுமத்துதல்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். கடற்பயணத்துக்குரிய காலம் கடந்துவிட்டதென்று பவுல் எச்சரிக்கிறார், கேட்பாரில்லை. புயல் எழுகிறது. கப்பலில் 276 பேர். எவருடைய உயிருக்கும் சேதம் நேராது என்னும் வாக்குறுதி வானதூதர் வழியாக அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆயினும் கப்பலோட்டிகள் படகை இறக்கித் தப்ப முயலும்போது, அவர்கள் கப்பலில் இல்லாவிடில் மற்றவர் பிழைக்க முடியாது என்று நூற்றுவர் தலைவரிடம் அறிவிப்பவரும் அதே பவுல்தான். இறைவனின் வாக்குறுதியை முழுமையாக நம்பியவர், துடுப்புப் பிடிக்கும் கைகளின் தேவையை மறுக்கவில்லை. இறைவன் அவ்வுயிர்களைக் காக்க அந்தக் கைகளையும் பயன்படுத்தினார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

'அவர்கள் கட்டணத்துக்கு மேல் பணம் கேட்கிறார்களே' என்று ஒரு குரல் எழும். அது முற்றிலும் பொய்யென்று வாதிட நான் வரவில்லை. ஆனால் நோயைச் சொல்பவர் அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் தடை. வறட்சி வந்தால் அருவி மெலிகிறது, பார்க்க வருவோரும் குறைகின்றனர். இடையிலுள்ள நாள்களின் வருவாயில்தான் ஆண்டு முழுவதும் உலை கொதிக்க வேண்டும். இருவர் மனமொத்துப் பேசி முடித்த கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது, உழைப்பவரின் வாழ்வுக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும் என்று 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் கற்பித்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படிப்பினை பரிசல் துறைவரை வந்து சேரவில்லை.

தடை தவறு என்று யாரும் சொல்லவில்லை. நொடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கு மேல் நீர் பாயும்போது பரிசலை இறக்குவது தற்கொலை. தடை விதிப்பது மாவட்ட நிர்வாகத்தின் கடமை. கேள்வி வேறு: எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் விதிக்கப்படும் தடையின் விலையை ஏன் ஏழை ஒருவரே செலுத்த வேண்டும்?

நம் கடற்கரைப் பங்குகளின் மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்வளம் பெருக அது தேவை. அதனால் தொழிலிழக்கும் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. அது பிச்சையன்று, உரிமை என்பதை நம் மீனவர்கள் அறிவார்கள். கடலுக்கு ஒரு நீதி, ஆற்றுக்கு வேறொரு நீதியா? தடை நாள்களுக்கு நிவாரணம், உயிர்க்காப்பீடு, முறையான மீட்புப் பயிற்சி ஆகியவற்றை உரிமையாகக் கேட்கும் குரலில் திருச்சபையின் குரலும் கலக்க வேண்டாமா?

கோடை விடுமுறையில் நம் பங்குகளிலிருந்தும் மறைக்கல்வி வகுப்புகளிலிருந்தும் பேருந்துகள் ஒகேனக்கல்லுக்குப் புறப்படும். புறப்படுமுன் அன்பியக் கூட்டத்தில் நான்கு செய்திகளை முடிவு செய்யுங்கள்: உரிய கட்டணத்தில் பேரம் பேசோம், விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரும் ஏறோம், மிதவை உடுப்பைக் கழற்றோம், துடுப்புப் பிடிப்பவர் 'போதும்' என்றால் அதற்குமேல் ஒரு சொல்லும் பேசோம். திரும்பி வந்தபின், தடை நாள் நிவாரணம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் பங்குமக்கள் அனைவரும் கையொப்பமிடுங்கள். நம் பிள்ளைகளை ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பத்திரமாகச் சேர்த்த கைகளுக்கு, ஆறு பெருகும் நாளிலும் உணவு இருக்க வேண்டும். அதைக் கேட்காமல், நலமாய் வந்து சேர்ந்ததற்கு நன்றித் திருப்பலி மட்டும் ஒப்புக்கொடுத்தால், நம் காணிக்கை பாதிக் காணிக்கைதான்.