நீலச் சாயமும் நீலக் கோட்டும்

மூன்றாம் வகுப்பில் கோகுலாஷ்டமிக்கு மாறுவேடம் என்றார்கள். எங்கம்மா துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்து என் மூஞ்சி, கைகாலெல்லாம் பூசிவிட்டாள். அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிக் கிரீடம். எங்கிருந்தோ ஒரு மயிலிறகு. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

டீச்சரும் பார்த்தார். "கிருஷ்ணருக்கு ஆள் இருக்கு. நீ காளிங்கனா இருடா, நிறம் சரியா இருக்கும்." கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேடையில் குனிந்தேன். சிவப்பாக இருந்த ஒரு பையன் என் முதுகில் கால் வைத்துப் புல்லாங்குழல் பிடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். சீடை கொடுத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் அழவில்லை. மேடையேறிய சந்தோஷத்தில் ராத்திரி தூக்கமே வரவில்லை.

வலி கல்லூரிக்குப் போன பிறகுதான் வந்தது, கோபமாக. கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பன் என்றுதான் பொருள். கறுப்பனின் வேஷத்துக்குக்கூடக் கறுப்புப் பையன் ஆகாதாம். மிதிபடும் தலைக்கு மட்டும் நிறம் பொருத்தமாம்.

திருப்பாணாழ்வார் வேஷமாவது தந்திருக்கலாமே என்று ஒரு காலத்தில் நினைத்தேன். எங்கள் உறையூர்க்காரர்தானே. ஆனால் கதையைப் பாருங்கள். அரங்கத்துக்குள் போகாமல் காவிரித் தென்கரையில் நின்று பாடியவர்மேல் கல் விழுகிறது. எறிந்த லோகசாரங்கரே பிறகு தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோகிறார். உள்ளே போனவர் பெருமாளோடு கலந்துவிட்டார் என்று முடிக்கிறார்கள். நந்தனுக்கும் அதே முடிவு. நம்மாள் கோயிலுக்குள் போனால் வீடு திரும்புவதில்லை. அந்த வேஷமும் எனக்கு வேண்டாம்.

வேஷம் என்பது அவர்களுக்கு ஒருநாள் விளையாட்டு. நமக்கோ உடுப்பே சட்டமாக இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. குடை, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதே காலத்தில்தான், 1930 நவம்பரில் தொடங்கிய லண்டன் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து நம் உரிமையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டு அலங்காரமல்ல, பதில்.

இப்போது ஏப்ரல் 14 வந்தால் நம் தெருப் பிள்ளைகள் நீலக் கோட்டு போடுகிறார்கள், மையால் கண்ணாடி வரைந்துகொள்கிறார்கள். போன தடவை அக்கா மகன் மாலை போட வரிசையில் நின்றபடி, "மாமா, வேர்க்குது, கழட்டட்டுமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நாமும் இதை இன்னொரு மாறுவேடமாக்கிவிட்டோமோ? போட்டோ எடுத்து, மிட்டாய் கொடுத்து, சாயங்காலம் மடித்து வைத்துவிட்டால் கோகுலாஷ்டமிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிள்ளைக்குக் கோட்டு மாட்டும்போதே அந்த எட்டுத் தடைகளையும் சொல்லிக்கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்த வேஷம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், நேரில் போய்க் கேளுங்கள். எங்கம்மாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. நமக்குத் தெரியும்.

அவனிடம் சொன்னேன்: "கழட்டுடா. போடறதும் கழட்டறதும் உன் இஷ்டம். அதுக்குத்தான் அவர் போட்டார்."