வரைபடமும் பிரமாணமும்

இருதய லயம் பிறழ்ந்து துன்புறும் நோயாளியின் தொடைச் சிரை வழியே கதீட்டரைச் செலுத்திக் கோளாற்றின் பிறப்பிடத்தைத் தேடும் நம் சாஸ்திரத்தில், கதீட்டர் முனை நிற்கும் ஸ்தானத்தையும் அங்கே பதிவாகும் மின்னலையின் நேரத்தையும் இணைத்து முப்பரிமாண வண்ணப்படமாகக் காட்டும் காந்தப்புல முறை 1990களின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தபின், நாம் அடைந்த சௌகரியம் சாமானியமானதன்று. ஆயினும் திரையில் ஒளிரும் சிவப்பும் ஊதாவும் பிரத்தியட்சமல்ல. நாம் வகுத்துக் கொடுத்த விதிகளின்படி யந்திரம் செய்துகொண்ட அனுமானமே என்பதை இன்று வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1969-இல் ஷெர்லாக் ஹிஸ் கற்றையின் அலையைக் கதீட்டரால் பதிவு செய்து காட்டியபோதும், 1970களின் பிற்பகுதியில் ஜோசப்சன் வென்ட்ரிக்கிளின் உட்புறத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு டாக்கிகார்டியாவின் ஸ்தானத்தை நிர்ணயித்தபோதும், அவர்களுக்குத் துணையாயிருந்தவை எக்ஸ்ரே நிழலும் எலக்ட்ரோகிராமும் மட்டுமே. ஆகையால் ஒவ்வோர் அலையையும் ஐயத்தோடு வாசித்தே தீர வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இருந்தது. நமக்கு அது விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

ஒரு புள்ளியிலிருந்து அலை நாற்புறமும் பரவும் வகைகளில், எல்லாவற்றுக்கும் முந்திய இடம் எது என்று கேட்பது நியாயமே. 1998-இல் போர்தோ நகரத்து அய்சாகேரும் அவர் சகாக்களும் 45 நோயாளிகளிடம் 69 பிறப்பிடங்களைக் கண்டு, அவற்றில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருப்பதை நிறுவியது இக்கேள்வியின் பயனாலேயே. அங்கும், முந்திய பரப்பு அகன்று விரிந்திருந்தாலோ, யூனிபோலார் அலை கீழிறங்குமுன் சிறிதேனும் மேலெழுந்தாலோ, உண்மையான ஸ்தானம் அடுத்த அறையில் இருக்கலாமென்று சந்தேகிப்பதே விவேகம். வலது மேல் நுரையீரல் சிரையும் மேற்பெருஞ்சிரையும் நெருங்கிய அண்டை வீட்டாரல்லவா?

அலை மீண்டும் மீண்டும் சுழலும் ரீஎன்ட்ரியிலோ அக்கேள்வியே பொருளற்றுப் போகிறது. 1913-இல் மைன்ஸ் வளையமாக வெட்டிய தசையில் அலை ஓயாது வலம் வருவதைக் காட்டியபோதே இது தெளிவாகியிருக்க வேண்டும்: செக்குமாடு சுற்றும் பாதையில் தொடக்கமென்று ஓர் இடத்தை எங்ஙனம் சுட்டுவது? சிவப்பும் ஊதாவும் சந்திக்கும் கோடு, நாம் வைத்த நேர எல்லையின் விளைவு. எல்லையை நகர்த்தினால் கோடும் நகரும். ஏட்ரியல் ஃப்ளட்டரில் மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் இடைப்பட்ட குறுகிய பாதையை நாம் துண்டிப்பது அது முந்தியதென்பதால் அன்று. சுற்றுக்கு அது இன்றியமையாதது என்பதாலேயே.

இன்றியமையாமையை நிரூபிக்கும் பரீட்சை என்டிரெய்ன்மெண்ட். 1977-இல் வால்டோவும் அவர் சகாக்களும் விளக்கிய அவ்வழியிலே, டாக்கிகார்டியாவைவிடச் சற்றே விரைவாகப் பேசிங் செய்து நிறுத்தியபின், அலை அவ்விடம் திரும்ப எடுக்கும் நேரம் சுழற்சி நீளத்தை 30 மில்லி விநாடிக்கு மேல் மிஞ்சாவிடில், அவ்விடம் சுற்றின் அங்கம் என்று கொள்கிறோம். வெகுவாக மிஞ்சினால், தழும்பின் நடுவே எத்துணை அழகிய டயஸ்டாலிக் அலை தென்பட்டாலும், அது வழியருகே நிற்கும் வேடிக்கைக்காரன் மட்டுமே. சிதறிய அலைகள் தோன்றுமிடமெல்லாம் மூலமாகாது என்பதற்கு, நாட்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கொண்ட 589 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஸ்டார் ஏ.எஃப்.-2 சான்று: சிரைகளைத் தனிமைப்படுத்தியதற்கு மேலாக அவ்விடங்களையும் சுட்டதால் யாதொரு அதிக நன்மையும் விளையவில்லை.

ஆதலால், இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் இது: வண்ணப்படத்தோடு, அது எந்த ஆதார அலையைக் கொண்டு, எந்த நேர எல்லைக்குள் வரையப்பட்டது என்பதையும், அப்லேஷன் செய்த ஸ்தானத்தின் மூல எலக்ட்ரோகிராமையும், பேசிங்குக்கு அது அளித்த மறுமொழியையும் சேர்த்தே அனுப்புங்கள். இவையின்றி வரும் படங்களை இனிப் பிரசுரிப்பதற்கில்லை.