இல்லை என்று சொல்லத் தெரியாத விளம்பரதாரர்கள்

1820இல் பாரிஸில் ஒரு விநோதமான தொழில் அலுவலகம் போட்டு உட்கார்ந்தது. அரங்குகளுக்குக் கூலிக்குக் கைதட்டும் ஆட்களை அனுப்புவதுதான் அந்தத் தொழில். சிரிக்கச் சிலர், கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சிலர், ‘இன்னொரு முறை’ என்று குரல் கொடுக்கச் சிலர். 1830களில் பாரிஸ் ஓப்பராவில் இந்தக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்த ஒகுஸ்த் லெவாசர், ஒத்திகைக்கே வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் எவ்வளவு ஆரவாரம் வேண்டும் என்று நிர்வாகியோடு பேசி முடித்துவிடுவார்.

கூலிக் கைதட்டல் இன்று ஸ்ட்ரீம் எண்ணிக்கையாக மாறியிருக்கிறது. சுயாதீனக் கலைஞர் ஒருவர் பாட்டை வெளியிட்ட மறுநாளே இன்ஸ்டாகிராமில் செய்தி வருகிறது: ‘பாட்டு அபாரம், பணம் கட்டினால் 50,000 ஸ்ட்ரீம் உறுதி.’ இந்த வியாபாரத்தின் மூதாதை எது என்று கேட்டால் பலரும் அமெரிக்க வானொலியின் ‘பேயோலா’வைத்தான் சொல்வார்கள். ரெக்கார்டு கம்பெனிகள் வானொலி அறிவிப்பாளர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துப் பாட்டை ஒலிக்கவைத்த வழக்கம் அது. 1959இல் அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. 1960இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் வாழ்க்கை அதில் சரிந்தது. ஆனாலும் 2005இல்கூட இதே குற்றச்சாட்டில் சோனி பிஎம்ஜி நிறுவனம் நியூயார்க்கில் 1 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

இந்த ஒப்பீடு எனக்குச் சரியாகப் படவில்லை. பேயோலாவில் பணம் கொடுத்தவருக்குத் தான் வாங்குவது என்ன என்று தெரியும். பாட்டு உண்மையாகவே ஒலித்தது, உண்மையான மனிதர்கள் கேட்டார்கள். ஏமாந்தவர் நேயர். இன்றைய வியாபாரத்தில் ஏமாறுவது பாடியவரே.

அதனால் இதன் வேரை அமெரிக்கப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் தேட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே ‘பாடல் வரிகள் தேவை’ என்று சின்னச் சின்ன விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. எழுத ஆசைப்பட்டவர்கள் வரிகளை அனுப்பினார்கள். பாராட்டுக் கடிதம் தவறாமல் வந்தது, கூடவே மெட்டமைக்கக் கட்டணம் இவ்வளவு என்ற விவரமும். பணம் போனதும் சில பிரதிகள் கைக்கு வரும். பாட்டை யாரிடமும் கொண்டுசேர்க்க அந்தக் கம்பெனிகள் ஒரு முயற்சியும் செய்ததில்லை. இசைத் துறையினர் இவர்களைப் ‘பாட்டுச் சுறாக்கள்’ என்றார்கள். 1976இல் இளைஞர் ஒருவர் வேண்டுமென்றே அருவருப்பான உளறலை எழுதி அனுப்பிப் பார்த்தார். அதற்கும் பாராட்டு வந்தது. சுமார் 80 டாலர் கட்டணத்தில் நாஷ்வில்லில் பதிவும் ஆனது.

அந்த இளைஞர் செய்து பார்த்த சோதனையைவிட நல்ல சோதனை இன்றைக்கும் இல்லை. நம்மிடம் பணம் கேட்பவர், யாருடைய பாட்டையாவது ‘இது எங்களுக்குச் சரிவராது’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறாரா? நேர்மையான விளம்பரதாரர் விற்பது தன் உழைப்பை. பத்திரிகையாளருக்கு எழுதுவார், வானொலிக்கு அனுப்புவார், விளம்பரம் ஓடவிட்டுக் கணக்குக் காட்டுவார். என்ன விளையும் என்று வாக்குக் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் முடியாது. 2015இல் தொடங்கிய சப்மிட்ஹப் தளத்தில் காசு கொடுப்பது பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வதற்காக மட்டுமே. அங்கே பெரும்பாலும் கிடைப்பது மறுப்புதான். அந்த மறுப்பே அதன் நேர்மைக்குச் சான்று என்பேன். ஸ்ட்ரீமிங் தளமான ஸ்பாட்டிஃபையோ, பணத்துக்குப் பிளேலிஸ்டில் இடம் தருவதாகச் சொல்லும் எந்தச் சேவையும் தன் விதிக்கு விரோதம் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது.

எண்ணிக்கையை விலைக்கு வாங்கியவரின் கணக்குப் பக்கம் எப்படி இருக்கும்? ஒரே வாரத்தில் கோடு செங்குத்தாக ஏறும். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கால்வைக்காத ஏதோ ஒரு நகரத்தில் இருப்பார்கள். பாட்டைச் சேமித்துவைத்தவர் இல்லை, அவருடைய இன்னொரு பாட்டைத் தேடிப்போனவர் இல்லை. காசு தீர்ந்த நாளில் கோடு தரைக்கு வந்துவிடும். பிரான்ஸின் தேசிய இசை மையம் 2021ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, அந்த ஒரு நாட்டிலேயே குறைந்தது 100 கோடி முதல் 300 கோடி ஸ்ட்ரீம்கள் வரை பொய்யானவை என்று 2023இல் சொன்னது.

இதில் ஸ்பாட்டிஃபைக்கும் பொறுப்பு உண்டு. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத பாட்டுக்கு ராயல்டி இல்லை என்று விதித்தது. 700இல் நிற்கும் புதியவருக்கு மீதி 300ஐ விலைக்கு வாங்கும் ஆசை வராதா? அதே ஆண்டு, பொய் ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் என்றும் வந்தது. நிறுவனங்கள் பல அதைக் கலைஞர் தலையில் கட்டுகின்றன, பாட்டையும் நீக்கிவிடுகின்றன. விற்றவர் வேறு பெயரில் அடுத்த கடையைத் திறந்துவிடுகிறார். சந்தேகம் வராமலிருக்க, காசே கொடுக்காதவர்களின் பாட்டுகளையும் விற்பவர்கள் தங்கள் பிளேலிஸ்டில் கலப்பதுண்டு. அப்படிச் சேர்க்கப்பட்டவருக்கும் அதே தண்டனை.

1960இன் பேயோலா சட்டம் கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒன்றாக நிறுத்தியது. ஆனால் அது வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்கான சட்டம், பிளேலிஸ்டைத் தொடவில்லை. அதற்கான சட்டம் வரும்வரை ஸ்ட்ரீமிங் தளங்களே செய்யக்கூடியது உண்டு. பாட்டை நீக்கும் முன், பொய் ஸ்ட்ரீம் எந்தப் பிளேலிஸ்ட் வழியாக வந்தது என்று கலைஞருக்குக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். அந்தப் பிளேலிஸ்டை நடத்தியவரின் கணக்கையும் அதே நாளில் மூட வேண்டும்.