கைவிட்டது எவர் கை?

ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸேக்’ என்னுஞ் சொல்லைத் தமிழிற் பெயர்ப்போர் ‘கைவிடுதல்’ என்பர். அவ்வாங்கிலச் சொல்லின் பழம்பொருள் மறுத்தல், ஏற்க இசையாமை என்பதாம். நம் சொல்லோ, முன்பு பற்றியிருந்த கையொன்றைக் காட்டுகின்றது. பற்றாத கை விடுவது எங்ஙனம்? சிலுவையில் இயேசுபெருமான் எழுப்பிய வினாவைத் தமிழ் வேதாகமம் இச்சொல்லாற் கூறுவது இதனாற் பெரிதும் பொருத்தமாம். துறத்தலும் விடுதலேயெனினும், நம்மைப் பிணித்ததை விடுவது துறவு. நம்மை நம்பியதை விடுவது கைவிடல். முன்னதை வள்ளுவர் அறமாக வகுத்தார். பின்னதாற் கண்ணகி துயருற்றாள்.

இச்சொல்லை ஓர் ஊரின்மேல் வைத்து ஆராய்வோம். பெரம்பலூரினின்று 2007-இற் பிரிந்த அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைக் ‘கைவிடப்பட்ட தலைநகர்’ என எழுதுவார் உளர். முதலாம் இராசேந்திரன் அமைத்த அந்நகர் ஏறத்தாழ 250 ஆண்டுகள் அரசிருக்கையாய் விளங்கிற்று. 1279-ஐ ஒட்டிச் சோழராட்சி முடிய, அரசர் கை நீங்கிற்று. 1836-இற் கொள்ளிடத்துக் கீழணை கட்டுதற்குக் கோயில் மதிற்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எனினும் அங்கு இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. ஊரார் கை விட்டிலது. அதனாலன்றோ 2004-இல் யுனெஸ்கோ ‘வாழும் சோழர் கோயில்கள்’ வரிசையில் அதனையுஞ் சேர்த்தது?

‘கைவிடப்பட்டது’ என்னுஞ் செயப்பாட்டு வினை செய்தவனை மறைத்துவிடுகின்றது. பாழூர்க்கு மட்டுமன்று, ‘ஆதரவற்றோர்’ என நாம் எளிதிற் பெயரிடும் முதியோர்க்கும் சிறார்க்கும் இஃது ஒக்கும். அச்சொற்களை எழுதுமுன், விட்டது எவர் கை, இன்னும் பற்றியிருப்பது எவர் கை என வினவுதல் மொழி பயிலும் மாணவர் கடனாம்.