பாஸ்வேர்ட் சரி, பிழை வேற இடத்தில

"எல்.எம்.எஸ்.க்குள்ள போக ஏலாம இருக்கு" எண்டு ஒரு மாணவர் சொன்னால் திரும்ப வாற பதில் அநேகமாக ஒண்டுதான்: "பாஸ்வேர்டை மாத்திப் பாருங்கோ." கேட்கிறது கலைப்பீடத்து ஆள் எண்டால் அந்தப் பதில் இன்னும் கெதியா வரும். எங்களுக்குக் கொம்பியூட்டர் ஓடாது எண்டது ஏற்கனவே முடிவான விசயம்.

கனநேரம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். பாஸ்வேர்டை மறக்கிறம், கேப்ஸ் லொக் விழுந்து கிடக்கிறதைக் கவனிக்கிறதில்லை. ஆனால் பாஸ்வேர்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு வகைப் பிழை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் கொடுத்த பாஸ்வேர்ட் சரியென்றால், சேர்வர் உங்கள் பிரவுசரிடம் குக்கி என்ற ஒரு சின்னத் துண்டைக் கொடுக்கும். பஸ் டிக்கெட் மாதிரி. அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அதைக் காட்டினால்தான் நீங்கள் உள்ளே வந்த ஆள் என்று சேர்வருக்குத் தெரியும். எந்த முகவரி கொடுத்த டிக்கெட்டோ அந்த முகவரிக்குத்தான் அது செல்லும்.

சிக்கல் இங்கேதான். வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் முகவரி இரண்டு பெட்டிகளில் இருக்கும்: மென்பொருள் இருக்கிற முகவரி, வாசகர் பார்க்கிற முகவரி. ஒன்றில் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' இருந்து மற்றதில் இல்லாவிட்டால், ஒரு பெயரில் வாங்கிய டிக்கெட் மற்றப் பெயரில் செல்லாமல் போகலாம். இதே முகவரிகளைக் கொன்பிக் ஃபைலிலும் எழுதலாம். அங்கே எழுதியிருந்தால் அதுதான் வெல்லும். பெட்டியில் என்ன இருந்தாலும் கணக்கில்லை.

எங்கட கம்பஸ்களில் பழக்கமான மூடில் தளத்திலும் இப்படி ஒன்று உண்டு. பாதுகாப்பான எச்.ரி.ரி.பி.எஸ். இணைப்பை முன்னால் நிற்கிற ஒரு சேர்வர் வாங்கி, பின்னால் இருக்கிற மூடிலுக்குச் சாதாரண எச்.ரி.ரி.பி.யில் அனுப்பும். முன்னால் அப்படியொன்று நிற்கிறது என்று மூடிலின் செற்றிங்கில் சொல்லாமல் விட்டால், "பாதுகாப்பான வழியால் வா" என்று மூடில் திருப்பி அனுப்பும். வந்தவர் ஏற்கனவே அந்த வழியால்தான் வந்தவர். திரும்பவும் வருவார், திரும்பவும் அனுப்பும். கடைசியில் பிரவுசர் களைத்து, அளவுக்கு மிஞ்சித் திருப்பி அனுப்பப்படுகிறது என்று சொல்லி நிற்கும்.

இதில் பாஸ்வேர்டை நூறு தரம் மாத்தினாலும் ஒன்றும் நடக்காது. சில தளங்களில் திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கே பூட்டுப்படும். அதற்குள் இரவு 11.59 ஆகிவிடும், எசைன்மென்ட் பெட்டி மூடிவிடும். பதிவில் மிஞ்சுவது 'சமர்ப்பிக்கவில்லை' என்ற ஒரு சொல். செற்றிங் இரண்டு முட்டிக்கொண்ட கதை அதில் இராது.

எங்கட பக்கத்தில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அதில் வேலை செய்தால் பழைய குக்கிதான் பெரும்பாலும் காரணம்; அந்தத் தளத்தின் குக்கிகளை அழித்தால் போதும். அதிலும் சரிவராமல், வட்ஸ்அப் குறூப்பில் கனபேருக்கு அதே நேரத்தில் அதே பிழை வருகுதெண்டால், பிழை பெரும்பாலும் சேர்வர் பக்கம். முகவரிப் பட்டையும் நேரமும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு மேன்முறையீடு எழுதும்போது அதுதான் உங்கட சாட்சி.

மிச்சம் நிர்வாகத்தின் வேலை. ஐ.ரி. பிரிவில் ஆள் குறைவு என்பது விளங்குது. ஆனாலும் "மாத்திப் பாருங்கோ" எண்டு சொல்ல முதல் "திரையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கலாம். செற்றிங்கை யார், எப்போது மாத்தினார் என்று ஒரு கொப்பியிலாவது எழுதி வைக்கலாம். தளம்தான் பிழை என்று தெரிந்தபின் கடைசித் திகதியைத் தள்ளிப்போடுவதை ஒரு சலுகை மாதிரித் தரத் தேவையில்லை. அது விதியாகவே இருக்கவேண்டும்.